கயிறு யார் கையில்?

திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமையின் அருமை வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. ஆறு நாள் ஓயாமல் ஓடிய தையல் மெஷின்கள் அன்றைக்குத்தான் வாயை மூடும். பக்கத்து வீட்டில் பேசுவது காதில் விழும். என் வீட்டுக்காரரும் அன்று ஒரு நாள்தான் சாப்பாட்டை மென்று சாப்பிடுவார்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெண்ணும் மாப்பிள்ளையும் விருந்துக்கு வந்திருந்தார்கள். கல்யாணமாகி நாலு மாதம் ஆகியிருந்தது. இலையில் பாயசம் விடும்போது பெண் மெதுவாக ஆரம்பித்தாள்.

"அம்மா, அடுத்த மாசம் நாங்க ரெண்டு பேரும் அந்தமான் போறோம்."

"நல்லாப் போயிட்டு வா கண்ணு. முறுக்கு சுட்டுத் தரட்டுமா?"

"அங்கே கடலுக்குள்ளே இறங்கிப் பார்க்கப் போறோம்மா. முதுகிலே காத்து சிலிண்டரைக் கட்டிக்கிட்டு அடியிலே போனா, பவழமும் மீனும் கண்ணுக்கு முன்னாலே தெரியுமாம்."

பாயசக் கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது.

எங்கள் பக்கத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்கள்! எங்கள் ஊரில் நீச்சல் என்றால் தோட்டத்துக் கிணறுதான். நான் நீச்சல் பழகியதும் அப்படித்தான். காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி, இடுப்பில் ஒரு கயிற்றையும் கட்டி, கிணற்று மேட்டில் நின்று அப்பாரு அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொள்வார். கீழே நான் போடுகிற கூச்சலில் தென்னை மரத்துக் காக்கையெல்லாம் பறக்கும். ஆனாலும் பயமில்லை. கயிறு அப்பாரு கையில் இருந்ததே!

மாப்பிள்ளை கைப்போனை எடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தைக் காட்டினார். உடம்பைப் பற்றி ஒரு பக்கம் கேள்விகள். அதற்குக் கீழே, "இதில் ஆபத்து உண்டென்று அறிவேன், என்ன நேர்ந்தாலும் பொறுப்பு என்னுடையது" என்கிற தோரணையில் ஒரு பக்கம்.

"இதெல்லாம் வழக்கமா வாங்கறதுங்க அத்தை. சும்மா ஒரு சடங்கு" என்றார் மாப்பிள்ளை.

என் வீட்டுக்காரர் வியாபாரி. காகிதத்தைக் கண்டால் சிரிப்பார். "சரக்கு கப்பலேறின பிறகு எங்களுக்குச் சம்பந்தமில்லைன்னு எழுதி வாங்கற மாதிரி இருக்குதே!" என்றார்.

திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த என் அம்மா அதுவரை வாயைத் திறக்கவில்லை. பேத்திகளுக்கு அவர் அம்மாயி. வயது எண்பதுக்கு மேல். உலக்கையை வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும். கயிறு யாரு புடிக்கிறாங்க?"

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். "அம்மாயி, இதுக்குக் கயிறே கிடையாதுங்க."

"கயிறு இல்லாமயா ஆழத்துக்கு இறக்கி விடுவாங்க?"

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கப்புறம் பத்து நாள் இதே வேலையாக இருந்தேன். படித்ததையும் கேட்டதையும் உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். எந்த வீட்டுப் பிள்ளை எப்போது அந்தமானுக்குக் கிளம்பும் என்று யார் கண்டது?

* * *

அம்மாயி கேட்டது பைத்தியக்காரக் கேள்வி அல்ல. நம் தமிழ்நாட்டுக் கடலில் பல நூற்றாண்டுகளாகக் கேட்ட கேள்வி அது.

தூத்துக்குடிப் பக்கம் மன்னார் வளைகுடாவில் முத்துச் சலாபம் நடந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். முத்துக் குளிப்பவர் ஒரு கனமான கல்லில் காலை வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி, சர்ரென்று அடிக்குப் போவார். அவருக்கென்று படகில் ஓர் ஆள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அடியில் இருப்பவர் ஒரு நிமிஷத்துக்குள் சிப்பிகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, கயிற்றைச் சுண்டுவார். மேலே இருப்பவர் உடனே இழுக்க வேண்டும். கொஞ்சம் பராக்குப் பார்த்தால் போயிற்று!

அந்தக் கயிற்றை யாரிடம் கொடுப்பார்கள் தெரியுமா? மச்சானிடம். அந்தக் கரையில் இன்றைக்கும் சொல்கிற பேச்சு இது. அண்ணன் தம்பி கூடச் சொத்துக்காக மனசு மாறலாமாம். மனைவியுடன் பிறந்தவன் மட்டும் கயிற்றை விடமாட்டானாம். விட்டால் தாலி அறுப்பவள் அவனுடைய அக்காளோ தங்கையோ அல்லவா? நம்பிக்கையை எந்த இடத்தில் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள் பாருங்கள்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ என்கிற வெனிஸ் நகரத்து வியாபாரி எழுதி வைத்திருக்கிறார். சுறாமீன் வாயைக் கட்டுவதற்கென்று மந்திரக்காரர்கள் இருந்தார்களாம். எடுக்கிற முத்தில் 20-ல் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலியாம். மந்திரத்துக்குச் சுறா கட்டுப்பட்டதோ என்னவோ! ஆனால் பாதுகாப்புக்கென்று வருமானத்தில் ஒரு பங்கை முதலிலேயே எடுத்து வைக்க வேண்டும் என்கிற புத்தி அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது.

தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய அளவில் சலாபம் நடந்தது 1961-ல். அதோடு அந்தக் கயிறுகளும் சுருட்டி வைக்கப்பட்டன.

* * *

கயிறு எப்படிப் போயிற்று? 1943-ல் பிரான்ஸ் தேசத்தில் கூஸ்டோ என்கிற கடற்படை அதிகாரியும் காக்னான் என்கிற என்ஜினீயரும் சேர்ந்து ஒரு கருவி செய்தார்கள். அழுத்தி அடைத்த காற்றை முதுகில் சுமந்துகொண்டு, வேண்டும்போது வேண்டிய அளவு மூச்சிழுக்கலாம். மேலே யாரும் பிடிக்க வேண்டாம். மீனைப் போலச் சுற்றலாம். ஸ்கூபா என்று இன்று சொல்வது இதைத்தான்.

சுதந்திரம் வந்தது, கூடவே ஓர் ஆபத்தும் வந்தது. கயிற்றில் கட்டியவர் எங்கே இருக்கிறார் என்று மேலே இருப்பவருக்கு எப்போதும் தெரியும். கயிறு இல்லாதவரை நீரோட்டம் ஒரு பக்கம் கொண்டுபோய்விட்டால், தெரிய வழி இல்லை.

ஆஸ்திரேலியாவில் 1998-ம் வருஷம் ஜனவரி 25-ந் தேதி நடந்ததைக் கேளுங்கள். பெரிய பவழத் திட்டைப் பார்க்க ஒரு படகில் 26 பேர் போனார்கள். அவர்களில் ஓர் அமெரிக்கத் தம்பதியும் இருந்தார்கள். சாயங்காலம் படகு கரைக்குத் திரும்பிற்று. தம்பதி திரும்பவில்லை. தலை எண்ணியதில் தப்பு நேர்ந்துவிட்டது. அதைவிடக் கொடுமை, அவர்கள் இல்லை என்பதே இரண்டு நாள் வரை ஒருவருக்கும் தெரியவில்லை. படகில் அவர்களுடைய பை கேட்பாரற்றுக் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் தேடக் கிளம்பினார்கள். விமானம் தேடிற்று; கப்பல் தேடிற்று. ஆட்கள் கிடைக்கவே இல்லை.

வழக்கு நடந்தது. படகுத் தலைவரைக் கோர்ட்டில் விடுதலை செய்தார்கள். கம்பெனி அபராதம் கட்டிற்று. அதற்குப் பிறகு அந்த ஊரில் சட்டத்தை இறுக்கினார்கள். இறங்கினவர், ஏறினவர் கணக்கை எழுதி வைத்துச் சரிபார்க்காமல் படகு நகரக் கூடாது என்றானது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர் பனியன் கம்பெனிதான் ஞாபகத்துக்கு வந்தது. செக்கிங் மேஜையில் ஒரு பெண் டஜன் கணக்கு எண்ணிக் கட்டுப் போடுவாள். கட்டை வாங்குகிறவள் "நீ எண்ணியாச்சே" என்று விடமாட்டாள்; அவளும் ஒரு தடவை எண்ணுவாள். ஒரு பனியன் குறைந்தால் ஊரே அமளிப்படும். பனியனுக்கு இரண்டு எண்ணிக்கை. மனுஷனுக்கு ஒன்றாவது சரியாக இருக்க வேண்டாமா?

படகு விட்டுப் போனால்தான் ஆபத்து என்றும் இல்லை. 2014 பிப்ரவரி 14-ந் தேதி பாலித் தீவுக்குப் பக்கத்தில் ஏழு ஜப்பானியப் பெண்கள் கடலுக்குள் இறங்கினார்கள். இரண்டு பேர் கற்றுக்கொடுக்கிற ஆசிரியைகள். படகு அங்கேதான் இருந்தது. ஆனால் பெருமழை பிடித்துக்கொண்டது, நீரோட்டம் இழுத்தது. மேலே வந்தவர்களைப் படகு பார்க்கவில்லை. மூன்று நாள் கழித்து ஐந்து பேரை உயிரோடு மீட்டார்கள். ஒருவர் இறந்து கிடைத்தார், இன்னொருவர் கிடைக்கவில்லை. தெரிந்தவர்களுக்கே இப்படி.

* * *

ஏன் பார்க்க முடிவதில்லை? கடலில் மிதக்கும் மனிதருக்குத் தலை ஒன்றுதான் வெளியே தெரியும். அலைக்கு நடுவில் அது ஒரு தேங்காய் மாதிரி. சத்தம் போட்டால் காற்றும் என்ஜின் இரைச்சலும் விழுங்கிவிடும். ஆகவே, கயிறு இல்லாதவர்கள் கயிற்றுக்குப் பதிலாகச் சில சாமான்களைக் கூடவே கொண்டு போகிறார்கள். எல்லாமே சின்னச் சின்னச் சாமான்கள்தான்.

முதலாவது, விசில். நம் பஸ் கண்டக்டர் ஊதுகிற ஜாதிதான். தொண்டை வறண்டு கத்த முடியாதவரும் ஊதலாம். கத்துவதைவிட வெகு தூரம் கேட்கும். மிதவைச் சட்டையிலேயே கட்டித் தொங்கவிட வேண்டும். பெட்டிக்குள் வைத்த விசில் பெட்டிக்குத்தான் காவல்.

இரண்டாவது, காற்றடைத்தால் ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் குழாய்ப் பை. ஆரஞ்சோ மஞ்சளோ கண்ணைப் பறிக்கிற நிறத்தில் இருக்கும். சுருட்டினால் சட்டைப் பையில் அடங்கிவிடும். தேங்காய்க்குப் பதிலாகக் கொடிக்கம்பம் நின்றால் படகுக்காரர் பார்க்காமல் இருப்பாரா?

மூன்றாவது, கைக்கண்ணாடி. பெண்கள் கைப்பையில் எப்போதும் இருப்பது! வெயிலை அதில் வாங்கிப் படகின் பக்கமோ விமானத்தின் பக்கமோ திருப்பினால் அந்த மினுக்கு பல மைலுக்குத் தெரியும். கடலுக்கு மட்டும் உடையாத ஜாதி வேண்டும்.

நாலாவது, விளக்கு. தண்ணீர் புகாத டார்ச்சோ, விட்டுவிட்டு மின்னுகிற விளக்கோ இருந்தால், பொழுது சாய்ந்த பிறகு அதுதான் துணை.

ரொம்ப தூரம் போகிறவர்களுக்கு ஐந்தாவதாக ஒன்று உண்டு. பித்தானை அழுத்தினால், தத்தளிப்பவர் இருக்கிற இடத்தைச் செயற்கைக் கோள் வழியாக மீட்புப் படைக்குத் தெரிவிக்கும் சிறு கருவி. நம் மீனவர்களின் படகுகளுக்கென்று இஸ்ரோவும் இப்படி ஒன்று செய்து கொடுத்திருக்கிறது. கடலில் ஆபத்தென்றால் கடலோரக் காவல் படையைக் கூப்பிட 1554 என்ற நம்பர் இருக்கிறது. அடுக்களைச் சுவரில் எழுதி வைத்தாலும் தப்பில்லை.

* * *

குழாய்ப் பையின் படத்தைக் காட்டியதும் என் வீட்டுக்காரருக்குக் கை துறுதுறுத்தது.

"இதென்ன பெரிய வித்தை? நைலான் துணி. நாலு தையல். நம்ம கம்பெனியிலேயே தைச்சுக் கொடுத்துடலாம்" என்றார். மறுநாளே ஆரஞ்சுத் துணியில் ஒன்று தைத்து, ஓரத்துக்கு ஓவர்லாக்கும் அடித்து, வெற்றிவீரரைப் போலக் கொண்டுவந்தார். தண்ணீர்த் தொட்டியில் போட்டு ஊதினோம். ஊசி போன துவாரம் ஒவ்வொன்றிலும் காற்று முத்து முத்தாகக் கிளம்பிற்று. அந்தப் பை நிமிரவே இல்லை. சாறு பிழிந்த எலுமிச்சம்பழத் தோல் மாதிரி மிதந்தது.

அப்போதுதான் விஷயம் விளங்கிற்று. அந்தப் பைகளின் ஓரத்தை ஊசியால் தைப்பதில்லை, சூட்டினால் ஒட்டிவிடுகிறார்கள். நிறமும் அப்படித்தான். கண்ணைப் பறிக்கிற சாயம் வெயில் பட்டால் சீக்கிரம் வெளுக்கும் என்பது எங்கள் ஊர்ச் சாயப்பட்டறைக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார். ஆகவே, பழசாகி வெளுத்த பையும் நம்பத் தக்கதல்ல. சிக்கனம் நல்ல குணந்தான், சகோதரிகளே! ஆனால் உயிரைக் காக்கிற சாமானில் வேண்டாம். அந்த ஆரஞ்சுப் பையில் இப்போது நான் துணி கிளிப்புகளைப் போட்டு வைத்திருக்கிறேன்.

* * *

புறப்படுவதற்கு முன் பெண்ணுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். உங்களுக்கும் உதவும்.

உடம்பைப் பற்றிய கேள்விகளுக்கு உண்மையை எழுது. ஆஸ்துமா, இருதயக் கோளாறு, காது நோய் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. பிள்ளை உண்டாகியிருந்தால் இறங்கவே கூடாது. சந்தேகம் இருந்தாலும் கரையில் இரு. ஜலதோஷம் என்றால் அன்றைக்கு வேண்டாம்.

தண்ணீருக்கு அடியில் மூச்சை அடக்காதே. 10 மீட்டர் ஆழத்தில் காற்றின் அழுத்தம் மேலே இருப்பதைப் போல் இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அது இரட்டிப்பாக விரிந்து நுரையீரலைக் கிழிக்கப் பார்க்கும். நிறுத்தாமல் மூச்சுவிட்டுக்கொண்டே இரு, மெதுவாக மேலே வா.

கட்டை விரலை உயர்த்திக் காட்டாதே! நமக்கு அது "பேஷ், பேஷ்!" அவர்களுடைய பாஷையில் அதற்கு "மேலே போகலாம்" என்று அர்த்தம். நன்றாக இருக்கிறேன் என்பதற்குக் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்க்க வேண்டும். ஏதோ சரியில்லை என்றால் விரித்த கையை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு, எங்கே என்று தொட்டுக் காட்ட வேண்டும்.

கடலிலிருந்து வந்த அன்றே விமானம் ஏறாதே. ஒரு தடவை இறங்கினவருக்கே குறைந்தது 12 மணி நேரம் வேண்டும்; பல தடவை இறங்கினால் 18 மணிக்குக் குறையக் கூடாது. ஒரு நாள் முழுக்க விட்டால் இன்னும் நல்லது.

படகுக்காரரிடம் நான்கு கேள்வி கேள். எங்களை யார் எண்ணுகிறார்? எழுதி வைக்கிறாரா? நாங்கள் அடியில் இருக்கும்போது படகில் கண் கொத்திப் பாம்பாக இருப்பவர் யார்? விசிலும் பையும் பிராணவாயுவும் எங்கே, காட்டுங்கள்?

* * *

போன மாதம் போய்விட்டு வந்தார்கள். பெண் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

முதலில் போன இடத்தில் கேள்விகளைக் கேட்டாளாம். அங்கிருந்த பையன் சிரித்தானாம். "இங்கே அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க மேடம்" என்றானாம். விசில் எங்கே என்றால், இருந்தது, தேட வேண்டும் என்றானாம். முன்பணம் கட்டியாகிவிட்டது. மாப்பிள்ளைக்குக் கூச்சம். "இவ்வளவு பேர் போறாங்க, நீ மட்டும் ஏன் வக்கீல் மாதிரி கேக்கறே?" என்று கடிந்துகொண்டாராம். என் பெண் பதில் பேசவில்லை. மிதவைச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துவிட்டாளாம். முன்பணம் போனது போனதுதான். அன்றைக்கு ராத்திரி இருவரும் பேசிக்கொள்ளவில்லையாம்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளையே வேறோர் இடத்தை விசாரித்துக்கொண்டு வந்தாராம். அங்கே நோட்டுப் புத்தகத்தில் பேர் எழுதினார்கள். விசில் ஒவ்வொருவர் தோளிலும் தொங்கிற்று. ஆளுக்கு ஓர் ஆசிரியர் கூடவே வந்தார்.

இறங்கி மூன்று மீட்டர் போவதற்குள் என் பெண்ணுக்குக் காது வலி. நான் எழுதிக் கொடுத்தபடி கையை ஆட்டி, காதைத் தொட்டுக் காட்டியிருக்கிறாள். ஆசிரியர் கொஞ்சம் மேலே ஏற்றிப் பார்த்தார். வலி நிற்கவில்லை. மெதுவாக மேலே கொண்டுவந்துவிட்டார்.

"அப்புறம் என்ன ஆச்சு? மாப்பிள்ளை பவழம் பார்த்தாரா?" என்றேன்.

"இல்லைம்மா. அவரோட ஆசிரியர், நீங்க போய்ப் பாருங்க, அவங்களை நாங்க பார்த்துக்கறோம்னு கையைக் காட்டினாராம். இவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிட்டு மேலே வந்துட்டார். படகிலே என் பக்கத்திலே உட்கார்ந்து, காது எப்படி இருக்குது, காது எப்படி இருக்குதுன்னு பத்துத் தடவை கேட்டார்."

சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த வெட்கம்! அவ்வளவு பணம் செலவழித்து, கடலைத் தாண்டிப் போய், பவழத்தைப் பார்க்காமல் வந்தவள் முகம் மாதிரியே இல்லை.

கல்யாணத்தில் தாலிக்கு மூன்று முடிச்சு. பல வீடுகளில் முதல் முடிச்சைத்தான் மாப்பிள்ளை போடுவார். மற்ற இரண்டையும் அவருடன் பிறந்தவள் போடுவாள். ஒருவர் கையில் மட்டும் விடக் கூடாது என்று பெரியவர்கள் நினைத்திருக்கிறார்கள். கடலிலும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் உடம்பையும் சாமானையும் நாம் பார்த்துக்கொள்வது ஒரு முடிச்சு. ஜோடியாக இறங்கியவரை விட்டுப் பிரியாதிருப்பது ஒரு முடிச்சு. தலை எண்ணாமல் நகராத படகு ஒரு முடிச்சு. கையெழுத்துப் போட்ட காகிதம் இதில் எதிலும் சேர்த்தி இல்லை. காகிதம் யாரையும் மேலே இழுத்ததில்லை.

திண்ணையில் வெற்றிலை இடிக்கிற சத்தம் நின்றது. அம்மாயி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"கயிறே கிடையாதுன்னு சொன்னாரே உம்பட மாப்பிள்ளை, அவர் கையிலேதான் இருந்திருக்குது, பாரு" என்றார்.

மறுபடியும் உலக்கையை எடுத்துக்கொண்டார்.